ரேட்டைக் குறைக்காதீங்க பாஸ், வேலையைக் காட்டுங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. மேசன், ஓடாவி, வயரிங், பைப், பெயின்ட், கூரை வேலை செய்யும் சகோதரர்களும், அவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும் நாமும் பொறுமையாக வாசிக்க வேண்டியது.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை பக்கமெல்லாம் ஒரே பேச்சு. "வேலை வேணும்னா ரேட்டைக் குறைக்கணும். நீ குறைக்காட்டி அடுத்தவன் செஞ்சிட்டுப் போயிருவான்." வீட்டுக்காரர் அதைச் சொல்கிறார், பாஸ்மாரும் அதையே நம்புகிறார்கள். அது பொய் என்பதுதான் என் வாதம். வெறும் பொய்யும் அல்ல, நம் மலைநாட்டில் ஆளையே கொல்லக்கூடிய பொய்.

முதலில் ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒரு குளியலறை வேலைக்கு 100,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். சாமான் 60,000. கையாளுக்கு 15,000. பாஸுக்கு மிஞ்சுவது 25,000. வீட்டுக்காரர் "10 வீதம் குறைங்க" என்கிறார். 10,000 போகிறது. ஹார்ட்வெயார் கடைக்காரர் அதில் ஒரு சதமும் குறைக்க மாட்டார். கையாளின் கூலியில் கை வைக்காவிட்டால் முழுத் தொகையும் பாஸின் 25,000 இலிருந்துதான் போக வேண்டும். வீட்டுக்காரர் கண்ணுக்கு 10 வீதம், பாஸின் வீட்டுக்கு 40 வீதம்!

மாதக்கணக்கில் இந்த நட்டத்தைத் தாங்க யாரால் முடியும்? ஆகவே எங்கேயாவது பிடிக்கிறார்கள். 12 மில்லிமீற்றர் கம்பி போக வேண்டிய இடத்தில் 10 போகிறது. கொங்கிறீட்டில் சிமெந்து குறைந்து தண்ணீர் கூடுகிறது. ஏழு நாள் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டிய சிலாப், மூன்றாம் நாளே கைவிடப்படுகிறது. வயரிங்கில் எர்த் கம்பி காணாமல் போகிறது. ட்ரிப் சுவிட்ச் "பிறகு போடலாம்" ஆகிறது. எதிலும் முடியாவிட்டால் கடைசியில் கையாள் பொடியனின் கூலி குறைகிறது.

அந்தப் பொடியன் யார் தெரியுமா? நேற்று வரை நம் வகுப்பில் இருந்தவன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். தோட்டத்துப் பிள்ளை. அவனுடைய அம்மா அப்பாவின் 1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015 இல் எழுந்தது, கைக்கு வந்தது 2021 இல். 2024 இல்தான் 1350 ஆனது. அந்தப் போராட்டத்துக்கு முகநூலில் ஆதரவுப் பதிவு போட்ட நாமே, நம் வீட்டுக் கூரை ஏறும் பிள்ளையின் கூலியில் பேரம் பேசுகிறோம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆளைக் கொல்லும் என்று ஏன் சொன்னேன்? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்றும் பார்த்தோம். மலையே சரிந்தால் மேசன் என்ன செய்வார், உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைத் தாங்கும் மதிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர் வடியும் துளை விட வேண்டும், பின்னால் சல்லிக்கல் நிரப்ப வேண்டும், மேலே கான் வெட்டி மழைநீரைத் திருப்ப வேண்டும். இந்த மூன்றும் வெளியே தெரியாத வேலை. ரேட் குறைந்தால் முதலில் போவதும் இவைதான். மழையில் ஊறிய மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து மதிலைத் தள்ளும். மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நம் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இந்த நோயை 1970 இலேயே ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் விளக்கினார். 2001 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவர் எடுத்த உதாரணம் பழைய கார் சந்தை. எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார்க்காரன் விற்க மாட்டான், சந்தையை விட்டுப் போய்விடுவான். கடைசியில் ஓட்டைதான் மிஞ்சும். நம் ஊரிலும் அதுதானே நடக்கிறது? கைத்திறமை உள்ள பாஸ் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறார். "நல்ல பாஸ் கிடைக்கிறதே இல்லை" என்று நாம் புலம்புகிறோம்.

அப்படியானால் மருந்து என்ன? கண்ணுக்குத் தெரியாத தரத்தைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது. பாஸ்மாருக்கு என் பணிவான ஆலோசனைகள்:

ஒன்று, எழுதிக் கொடுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியது, 2:282. அட்வான்ஸும் மிச்சக் காசும் உள்ள வேலை ஒவ்வொன்றும் ஒரு கடன்தானே? கொப்பித் தாள் போதும். சாமான் தனி, கூலி தனி, எத்தனை நாள், எது இதில் சேராது என்று எழுதுங்கள். 2022 இல் சிமெந்து மூட்டை 3000 ரூபாயைத் தாண்டியபோது, வாயால் மொத்த விலை பேசியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு, காசில்லை என்று சொல்பவரிடம் ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "இந்த மாதம் கூரையும் பீலியும் செய்வோம், டைல்ஸ் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவருக்கும் தாங்கும், உங்கள் கூலியும் உடையாது. எதைக் குறைக்கவே முடியாது என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். எர்த் கம்பி, ட்ரிப் சுவிட்ச், மதிலின் வடிகால், இவை பேரத்துக்கு வராது.

மூன்று, மூடுவதற்கு முன் படம் எடுங்கள். பூச்சுக்குள் போகும் வயர், மண்ணுக்குள் போகும் பைப், கொங்கிறீட்டுக்குள் போகும் கம்பி. எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையில் இருக்கும் போனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் ரேட் கேட்கும்போது பதில் பேசாமல் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

நான்கு, சொன்ன நாளில் வாருங்கள். வர முடியாவிட்டால் முதல் நாள் இரவே சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்கியபின் போனை எடுக்காத பாஸ், முழு ஊர் பாஸ்மாரின் ரேட்டையும் குறைக்கிறார். நம் ஊரில் பல வீடுகளில் ஆண்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், வீட்டில் இருப்பது பெண்கள். யார் யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, போகும்போது இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போகிறவருக்கு, அந்தத் தாய்மார் சொல்லும் ஒரு வார்த்தை பத்து வேலை கொண்டுவரும்.

ஐந்து, முதல் பெரிய மழைக்குப் பிறகு ஒரு தடவை திரும்பிப் போய்ப் பாருங்கள். காசு வாங்க வேண்டாம். கூரை ஒழுகுதா, கான் அடைத்திருக்கா என்று பாருங்கள். வெளியூரிலிருந்து குறைந்த ரேட்டுக்கு வந்து போனவரால் இது முடியாது. உங்களால் முடியும்.

ஆறு, சான்றிதழ் எடுங்கள். வருடக்கணக்காக வேலை செய்தவர் மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. கையிலுள்ள திறமையைச் செய்துகாட்டி என்.வி.கியூ. பெறும் வழி நைட்டா போன்ற அரச நிறுவனங்களில் இருக்கிறது. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ஹட்டனிலேயே தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

"சேர், இதெல்லாம் பேச நல்லாருக்கும். தோட்டத்து ஆளுக்கிட்ட சல்லி எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். கேள்வி சரி. ஆனால் யார் அதிகமாகப் பேரம் பேசுகிறார்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். 7 பேர்ச்சில் கட்டிய தோட்டத்து வீட்டுக்கு ஒரு குசினி இறக்க, சீட்டு எடுத்துக் காசு சேர்க்கும் கொழுந்தெடுக்கும் அக்காவா? இல்லை. டவுனில் மாடி வீடு கட்டும் கடை முதலாளியும், என்னைப் போன்ற அரச உத்தியோகத்தரும்தான். அந்த அக்காவுக்குத் தவணை கொடுங்கள், வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. வசதி உள்ளவருக்கு எதற்குக் கழிவு?

இனி வீட்டுக்காரர்களான நமக்கு. சூப்பர் மார்க்கெட்டில் பில்லைப் பார்த்து வாய் திறக்காதவர்கள், சேறு மிதித்து வரும் மனிதனிடம் மட்டும் வீரம் காட்டுகிறோம். வேலை முடிந்தபின் "கடைசி 10,000 ஐ அடுத்த மாசம் பார்ப்போம்" என்பது சிக்கனம் அல்ல, அநியாயம். அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதுகிறோம். தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் என்றா நினைக்கிறோம்? கூலியில் குறைப்பதும் அளவில் குறைப்பதுதான். அதேபோல, முழுக் கூலியை வாங்கிக்கொண்டு சிமெந்தைக் குறைப்பதும் அதேதான். இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை மூன்று பேரிடம் விலை கேட்டால், குறைந்த விலை சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மற்றவரைவிட எதைக் குறைத்து இந்த விலை வந்தது?" பதில் சொல்ல முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பாஸ்மாரும் ஒன்றுகூடுங்கள். பள்ளிவாசலோ கோவில் மண்டபமோ விகாரையோ, எங்கே என்றாலும் சரி. ஒருவர் ரேட்டை ஒருவர் உடைக்காமல், கைநிறைய வேலை உள்ளவர் இல்லாதவருக்கு அனுப்பிவையுங்கள். கையாள் கூலிக்குக் கீழ் எல்லை ஒன்றை நீங்களே வையுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லப் பழகுங்கள்.

தென்மேல் பருவமழை ஒவ்வொரு வருடமும் வந்து நாம் கட்டியதைப் பரீட்சித்துப் பார்க்கிறது. அதற்கு எழுதிய விலை தெரியாது, போட்ட சிமெந்து மட்டும்தான் தெரியும்.

உழைக்கும் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். உங்கள் ஊர் பாஸ் ஒருவருக்காவது இதை அனுப்பிவையுங்கள்.