ஊருக்கெல்லாம் ஒரே சாவியா?

தியாகதுருகத்தில் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையோரம் இரவில் நிற்கும் பொக்லைனைப் பாருங்கள். விலை பல லட்சம். காவல் ஒரு சின்னச் சாவி!

அதுவும் எப்படிப்பட்ட சாவி? ஒரே கம்பெனி எந்திரங்கள் பலவற்றுக்கும் ஒரே சாவிதான். டிரைவர் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. திருடனுக்கும் அதுவே வசதி!

சுவிட்ச் கெட்டால் கடையில் அதே ரகத்தை வாங்கி மாட்டுகிறோம். சுவிட்ச்தான் புதுசு, ஊரிலுள்ள பழைய சாவியெல்லாம் அதிலும் திரும்பும். சிலர் புதுசும் வாங்காமல் ஸ்டார்ட்டரில் நேராக ஒயரைத் தொட்டு ஓட்டுகிறார்கள். கியர் விழுந்திருந்தால் எந்திரம் பாயும். கீழே நிற்பவன் கதி?

முதலாளிகளே! சுவிட்ச் மாற்றும்போதே பேட்டரி கட்-ஆப் சுவிட்சும் மாட்டுங்கள். இரவில் அந்தச் சாவியைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்திரம் போனாலும் தவணை கட்டப்போவது நீங்கள்தானே?