பழைய நாணயம் சேர்க்கப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"பழைய ஒரு ரூபாய் இருக்கா? லட்சக்கணக்கில் தர்றோம்!" இப்படி ஒரு விளம்பரம் உங்க செல்போனுக்கும் வந்திருக்கலாம். ஆசைப்பட்டுப் பேசினால் கமிஷன், வரி என்று முதலில் உங்களிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியும் இந்த மோசடி நடந்தது. இதுபோன்ற விவகாரங்களில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

100 ஆண்டுகளைக் கடந்த நாணயம், 1972-ஆம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். சேகரித்து வைத்திருக்கலாம், ஆனால் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம்.

எப்படித் தொடங்கலாம்?

கண்டதையும் வாங்காமல் ஒரு தலைப்பை எடுத்துக்கோங்க. உதாரணமாக, பிரிட்டிஷ் இந்தியாவின் கால் அணா. ஏராளமாக அச்சடிக்கப்பட்டதால் பெரும்பாலும் விலை குறைவு. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை 4 பேர் ஆட்சியும், 1906-ல் செம்பு வெண்கலமாக மாறியதும் அந்தச் சின்னக் காசிலேயே தெரியும்.

புளி போட்டு மட்டும் தேய்ச்சுடாதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போயிடும். விலையை முடிவு செய்வது வயது மட்டுமல்ல. அந்தக் காசு எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க என்பதுதான் முக்கியம். வாங்கினால் பில்லோடு வாங்குங்க.