பனியில் நிற்கும் பனை



இந்தப் பகுதியில் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுச் செலவையும் பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறேன். இந்த முறை ஒரு மரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, தோட்டத்து அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒரு கையில் தேங்காய் நெற்று. மறு கையில் கைத்தொலைபேசி.

"டீச்சர், இதை இங்கிலாந்துக்குத் தபாலில் அனுப்பலாமா? அந்தக் குளிரில் முளைக்குமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்ன பிறகு சிரிக்க முடியவில்லை. அவருடைய மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் பிறந்த மாதம் லயத்து வீட்டின் பின்புறம், சமையல்கட்டுக்கு நேரே, ஒரு தென்னங்கன்று நட்டிருக்கிறார்கள். பிள்ளையும் மரமும் ஒன்றாக வளர்ந்தன. இப்போது நிலம் கைமாறிவிட்டது. லயத்து மக்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும். லயம் இடிபடும் நாளில் மரமும் விழும்.

"மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா டீச்சர்? நெற்றையாவது அவளிடம் சேர்த்துவிடலாமே என்று பார்க்கிறேன்" என்றார்.

பிறகு தொலைபேசியில் மகள் அனுப்பிய படத்தைக் காட்டினார். அவள் குடியிருக்கும் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் பனை போல ஒரு மரம். தலையிலிருந்து பாதி உடம்பு வரை வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. சுற்றிலும் தரையெல்லாம் பனி. "அவர் வளர்க்கிறாரே, நம் பிள்ளை வளர்க்க முடியாதா?" என்பது அந்த அம்மாவின் கேள்வி.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பிறகு அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் குளிர் நாடுகளில் இருக்கும் தாய்மார் உங்களிலும் பலர் இருக்கிறீர்கள்.

அந்தப் படத்தில் இருப்பது தென்னையும் அல்ல, செம்பனையும் அல்ல. அதன் பெயர் சூசான் பனை. சீனாவின் மலைப் பகுதிகளைச் சேர்ந்தது. ஓலை நம் முன்னோர் ஊர்ப் பனையோலை போல விசிறியாக விரியும். தண்டு முழுதும் பழுப்பு நாரால் மூடியிருக்கும், கம்பளி போர்த்திக்கொண்டது போல. சீனத்து விவசாயிகள் அந்த நாரை உரித்துக் கயிறு திரித்தார்கள், மழைக்குப் போர்த்தும் அங்கியும் செய்தார்கள்.

இந்தப் பனையை இங்கிலாந்துக்கு அனுப்பியவர் ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1849-இல் சூசான் தீவிலிருந்து கன்றுகளை லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று விக்டோரியா மகாராணியின் ஆஸ்பர்ன் மாளிகைத் தோட்டத்துக்கும் போனது. இந்தப் பார்ச்சூன் யார் தெரியுமா? அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இரகசியமாக இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோனவர். கியூ தோட்டத்தையும் நாம் மறக்க முடியாது. 1876-இல் பிரேசிலிலிருந்து போன ரப்பர் விதைகள் முளைத்தது அங்கேதான். மறு வருடம் 1877-இல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்து பால் வெட்டிய கதை அந்தக் கன்றுகளில்தான் தொடங்குகிறது. ரப்பர் அந்தத் தோட்டத்திலிருந்து கிழக்கே வந்தது, சூசான் பனை கிழக்கிலிருந்து அந்தத் தோட்டத்துக்குப் போனது.

நன்றாக வேரூன்றிய சூசான் பனை, பூஜ்யத்துக்குக் கீழே 12 அல்லது 15 டிகிரி குளிரைக்கூடச் சில நாள் தாங்கும். நம் தென்னைக்கு உறைபனி என்றாலே முடிவு. செம்பனை நாற்று 15 டிகிரிக்குக் கீழே வளர்வதையே நிறுத்திவிடும். கேமரன் மலையில் தேயிலையும் கோசும் விளைகின்றன, உச்சியில் செம்பனை பார்த்திருக்கிறீர்களா? லீட்ஸ் நகரில் குளிர்காலத்து இரவு பலமுறை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கோடையில்கூட நம் ஊர் வெயில் கிடையாது. ஆகவே நெற்று அங்கே மண்ணில் முளைக்காது. வீட்டுக்குள் அடுப்பங்கரையில் வைத்து முளைக்க வைத்தாலும், வாசலில் வைத்த முதல் குளிர்காலத்திலேயே கருகிவிடும்.

தென்னையும் செம்பனையும் இங்கிலாந்தில் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். கியூ தோட்டத்தில் 1848-இல் கட்டி முடித்த பெரிய கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது. உள்ளே வருடம் முழுதும் சூடு ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு நிலக்கரி எரித்தார்கள். அங்கே நம் மரங்களும் நிற்கின்றன. அது ராஜா வீட்டுச் செலவு. தாதி வேலை பார்க்கும் பெண் வாடகை வீட்டில் செய்யக்கூடியதல்ல.

அந்த வெள்ளைக்காரர் ஏன் மரத்தின் தலையில் துணியைச் சுற்றினார்? இதை உங்களுக்குச் சொல்வது எளிது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவினால் சில வருடத்தில் மறுபட்டை வளர்கிறது. கிளையை முறித்தால் பக்கத்தில் துளிர்க்கிறது. பனை இனத்தில் அப்படி நடக்காது. மரம் ஏறுவதற்குத் தென்னையில் வெட்டிய படிகளைப் பாருங்கள். அப்பா வெட்டிய படியில் மகன் கால் வைத்து ஏறுகிறான். அது மூடுவதே இல்லை. பனை இனத்துக்கு மறுபட்டை இல்லை. பெரும்பாலானவற்றில் கிளையும் இல்லை. ஒரே ஒரு குருத்துதான். உச்சியில், மட்டைகளுக்கு நடுவே, ஒளிந்திருக்கும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் மரத்தின் எல்லா ஓலையும் புறப்படுகிறது. கொம்பு வண்டு குருத்தைத் துளைத்துவிட்டால் செம்பனைக் கன்று என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

குளிரும் ஒரு வண்டுதான். தண்ணீர் நிறைத்த கண்ணாடிப் போத்தலை ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் மறந்து வைத்திருக்கிறீர்களா? காலையில் போத்தல் வெடித்திருக்கும். குருத்துக்குள் இருக்கும் தண்ணீரும் உறைந்தால் அதன் மெல்லிய திசுக்கள் கிழிந்துவிடும். வெயில் வந்து பனி உருகியதும் அந்த இடம் கூழாகி அழுகும். ஓலை கருகினால் அடுத்த வருடம் வேறு ஓலை வரும். குருத்து போனால் மரம் போயிற்று.

ஆகவே அங்கே பனை வளர்ப்பவர்களின் வேலை முழுதும் அந்தக் குருத்தைச் சுற்றியே நடக்கிறது. கடுங்குளிர் வருமென்று வானொலியில் சொன்னால், ஓலைகளை மேல்நோக்கித் தூக்கி, பெண் பிள்ளைக்குக் கொண்டை போடுவது போலக் கயிற்றால் கட்டுகிறார்கள். நடுவே காய்ந்த வைக்கோலைத் திணிக்கிறார்கள். அதன்மேல் காற்றுப் புகும் மெல்லிய துணியைச் சுற்றுகிறார்கள். பிளாஸ்டிக் உதவாது. உள்ளே வியர்த்து, ஈரம் தங்கி, அழுகலை அதுவே உண்டாக்கும். குளிரைவிட, குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் மோசம். அதனால் சிலர் மரத்தின் தலைக்கு மேல் சின்னக் கூரை போட்டு மழைத்தண்ணீர் குருத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் விளக்குச் சரத்தைச் சுற்றி அந்தச் சூட்டில் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பழைய மாதிரிச் சூடாகும் குமிழ்கள் வேண்டும். இப்போது வரும் எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. அடிமரத்தைச் சுற்றி மரத்தூளும் சருகும் மெத்தையாகப் போட்டால் வேரும் உறையாது.

குளிர் தணிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். மூடியே வைத்தால் மூச்சு முட்டும். காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வைக்கும் பாட்டிமாரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

குளிர்காலம் முடிந்ததும் ஒரு சோதனை. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். அசையாமல் நின்றால் நிம்மதி. கையோடு உருவிக்கொண்டு வந்து, அடியில் நாற்றம் அடித்தால் நிலைமை மோசம். அப்போதும் உடனே தோண்டி எறிவதில்லை. அழுகலைத் துடைத்து, காயவிட்டு, செம்பு சேர்ந்த பூஞ்சை மருந்து ஊற்றிக் காத்திருப்பார்கள். சில மரங்களில் கோடை நடுவில் கோணல் மாணலாக ஒரு புதிய ஓலை எட்டிப் பார்க்கும்.

உண்மையைச் சொன்னால், வயதான சூசான் பனைக்கு இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் இந்தப் போர்வையெல்லாம் தேவையே இல்லை. இளங்கன்றுக்கு முதல் இரண்டு மூன்று குளிர்காலம் வேண்டும். படத்தில் உள்ள மரம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அந்த மனிதருக்குப் பயம் அதிகமோ, பாசம் அதிகமோ!

அந்த அம்மா இன்னொரு படமும் காட்டினார். மகள் விடுமுறையில் போன டார்க்கீ என்ற கடற்கரை ஊர். வரிசையாகப் பனை போன்ற மரங்கள். அந்த ஊர்க்காரர்களும் அதைப் பனை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பனையே அல்ல. நியூசிலாந்து மரம். நம் வீட்டு வேலியோரத்தில் மலாய்க்காரர்கள் ஜென்ஜுவாங் என்று சொல்லும் சிவப்பு இலைச் செடி இருக்கிறதே, அதன் நெருங்கிய சொந்தம். 2010 டிசம்பரில் பிரிட்டனில் அடித்த கடுங்குளிரில் இந்த மரங்கள் பல தலை கருகின. பிறகு பல மரங்கள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. பனையாக இருந்தால் துளிர்த்திருக்குமா? அதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது தபால் விஷயம். நடுவதற்கான செடியையோ நெற்றையோ யாரும் நினைத்தபடி நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. விவசாய இலாகாவின் நோயில்லாச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் பொட்டலத்தை அங்கே எடுத்து அழித்துவிடலாம். இது வீண் கெடுபிடி அல்ல. சிவப்புக் கூன்வண்டு என்ற ஒன்று, நம் ஆசியப் பக்கத்துப் பூச்சி, விற்பனைக்குப் போன பனைமரங்களுக்குள் ஒளிந்து 1990-களில் ஸ்பெயினுக்குள் நுழைந்தது. பிறகு இத்தாலி, பிரான்சு என்று பரவி, கடற்கரைச் சாலைகளில் நின்ற பேரீச்ச மரங்களை ஏராளமாகக் கொன்றது. நம் நாட்டிலும் 2007-இல் திரங்கானுத் தென்னைகளில் அதைக் கண்டார்கள். அதுவும் குருத்தைத்தான் தேடித் தின்கிறது.

வண்டு இல்லாத மரமும் தொல்லையாகலாம். சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சீனோ என்ற பகுதியில் இதே சூசான் பனையை அழகுக்காக வீட்டு வாசலில் வைத்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போட்டன. இப்போது காட்டுக்குள் மற்ற மரங்களின் அடியில் களை போல மண்டிக் கிடக்கிறது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் இதை விற்கவும் இனாமாகக் கொடுக்கவும் தடை. லீட்ஸில் துணி சுற்றிக் காப்பாற்றுகிறார்கள், அங்கே வெட்டி எறிகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். நெற்றை அனுப்ப முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்படியானால் அந்த மரத்தை அவள் கடையில் வாங்கி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"வைக்கலாம் அக்கா. மே மாதத்தில் நடச் சொல்லுங்கள். கோடை முழுதும் வேர் பிடிக்கும். தெற்குப் பார்த்த சுவர் ஓரம், காற்று அடிக்காத இடம். தண்ணீர் தேங்கக் கூடாது. பச்சை ஓலையை வெட்ட வேண்டாம். வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு நடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொட்டியில் வைக்கட்டும், வீடு மாறும்போது கூடவே போகும். தொட்டியில் வேர் சீக்கிரம் உறையும். கடுங்குளிரில் மட்டும் கொட்டகைக்குள் இழுத்து வைக்க வேண்டும்."

"அது நம் மரம் இல்லையே டீச்சர்" என்றார். நான் என்ன பதில் சொல்ல? இல்லைதான்.

அங்கேயே பள்ளி வராந்தாவில் நின்றபடி மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினார். நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டார். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். முப்பது வருடம் செம்பனையில் வேலை செய்தவர். "பாப்பா, ஓலை காய்ந்தால் பயப்படாதே. நடுக்குருத்தைப் பார். அதைக் கையால் தொட்டுப் பார். அது நின்றால் மரம் நிற்கும்."

நெற்றை என்ன செய்வது என்று கேட்டேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி. பள்ளியின் பின்புறம், குழாயடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டேன், சரி என்றார். நெற்றைப் படுக்கப் போட்டுப் பாதி மண்ணில் புதைத்து, பிள்ளைகள் பந்து விளையாடி மிதிக்காமல் நாலு குச்சி ஊன்றியிருக்கிறோம். அந்த அம்மா வேலை முடிந்து போகும்போது வந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்.