இடைவெளி என்றால் எந்த இடைவெளி?

2020 ஏப்ரல் இறுதியில் கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது. கம்பத்திலிருந்து தேனி வரை எந்த ஊரில் நின்றாலும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி ஒன்றையே சொல்லிக்கொண்டு போனது: சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். நம் காலனிப் பெரியவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வந்தது. ஊரை விட்டுத் தள்ளி ஓடைக்கு அந்தப்பக்கம் நம்மைக் குடிவைத்தார்களே, அதற்குப் பெயர் என்னவாம்? டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததே, அது எத்தனை மீட்டர்? என்று கேட்டார்கள்.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயமல்ல இது. உலக சுகாதார நிறுவனமே மார்ச் 20ஆம் தேதி இந்தச் சொல்லை மாற்றிக்கொண்டது. மனிதர்கள் ஒருவரையொருவர் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, உடலளவில் தள்ளி நின்றால் போதும் என்று விளக்கியது. தமிழில் ‘தனிமனித இடைவெளி’ என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். பத்திரிகைக்காரர்களாகிய நாமும் பழைய சொல்லையே அச்சடித்துக்கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளியில் கிருமி வருகிறது, அதனால் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்பதுதான் அப்போது மருத்துவர்கள் சொன்னது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் விடும் இடைவெளி அது. ஒருவர் நிற்க, மற்றவர் மட்டும் விலகிப்போகும் இடைவெளி அல்ல.

அந்த ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் வாங்க ரேஷன் கடைக்குப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். டோக்கன் எண்படி ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஆளுக்கொரு வட்டத்தில் நின்றோம். எல்லோரும் எல்லோரிடமிருந்தும் ஒரே தூரம். இப்படி ஒரு வரிசையைப் பார்க்க ஒரு கிருமி வரவேண்டியிருந்தது.

ஆனால் வட்டத்துக்கு வெளியே நடந்தது வேறு கதை. அங்கே பயம்தான் நடமாடியது. பயத்துக்குக் காலும் கையும் முளைக்க வைப்பது வதந்தி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று கிளப்பிவிட்டார்கள். கால்நடைத் துறை மறுத்தது, மருத்துவர்கள் மறுத்தார்கள். அதற்குள் நாமக்கல் பண்ணைகளில் முட்டை தேங்கியது, கறிக்கடைகள் காற்று வாங்கின. அடுத்து வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் வராது என்றார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றியபோது, அந்த வெப்பத்தில் கிருமி செத்துவிடும் என்று ஒரு ‘அறிவியல்’ விளக்கம் செல்போனில் சுற்றியது. மஞ்சள் தெளித்ததால் யாருக்கும் கேடில்லை. தெளித்த தைரியத்தில் கை கழுவாமல் இருந்தால்தான் கேடு.

நோய்க்காலத்தில் ஒதுங்கி இருக்க நம் மக்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மை போட்ட வீட்டு நிலைவாசலில் வேப்பிலை செருகுவார்கள். பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம், உள்ளே போகக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளை தெருவுக்கு விளையாட வராது. ‘ஆத்தா வந்திருக்கா’ என்பார்களே தவிர, அந்த வீட்டைப் பற்றி யாரும் கேவலமாகப் பேசியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கூழும் இளநீரும் வாசல்வரை வந்து சேரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வேப்பிலை இறங்கும், அதோடு முடிந்தது. வேப்பிலை நோயைக் குணப்படுத்தியது என்று சொல்ல வரவில்லை. பெரியம்மையை உலகத்தை விட்டு விரட்டியது தடுப்பூசிதான். ஆனால் அந்த வேப்பிலை ஆளைத் தள்ளி வைத்ததோடு, கவனிக்கவும் வைத்தது. வழக்கமாகச் சித்திரையில் அக்கினிச்சட்டியும் வேப்பிலையுமாகக் கூட்டம் நெரியும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் 2020இல் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த அம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

2020இல் வேப்பிலையின் இடத்தில் ஸ்டிக்கர் வந்தது. வெளியூரிலிருந்து வந்தவரைத் தனிமையில் வைத்ததும் கதவில் அறிவிப்பு ஒட்டியதும் மருத்துவக் காரணத்துக்காகத்தான். அதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அரிசியும் காய்கறியும் போய்ச் சேரும் முன்பே, ஸ்டிக்கரின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டு எண், தெருப்பெயர், சில நேரம் சாதிப்பெயரும் சேர்த்து. இதைப் பார்க்கிற மற்றவர் என்ன செய்வார்? காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டார். மலையிலிருந்து இறங்கி வந்தால் இரவில் வருவார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துக்கிடப்பார். கிருமி பரவ இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மலை என்று சொன்னதும் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று பாதைகளிலும் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலிகளில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்ச் மாதக் கடைசியில் வாகனங்கள் நின்றன, எல்லை இறுகியது. எப்போது திறக்கும், யாரை விடுவார்கள், யாரைப் பிடித்து வைப்பார்கள் என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை. சொன்னதெல்லாம் வதந்திதான். மார்ச் 24ஆம் தேதி, தோட்ட வேலைக்குப் போயிருந்த ராசிங்காபுரம் தொழிலாளர்கள் வாகனம் இல்லாமல் காட்டுப்பாதையில் நடந்தே ஊருக்கு இறங்கினார்கள். வழியில் காட்டுத்தீ. ஒரு குழந்தை உட்பட நான்கு பேர் போய்விட்டார்கள். தமிழகத்தில் கொரோனாவால் முதல் மரணம் மதுரையில் நிகழ்ந்தது அதற்கு அடுத்த நாள், மார்ச் 25 அதிகாலையில். கிருமி இந்த மாநிலத்தில் ஒருவரைக் கொல்லும் முன்பே, எல்லை மூடிய அவசரம் நம் மாவட்டத்தில் நான்கு பேரைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டது. மாவட்டத்தின் கொரோனாக் கணக்கில் அந்த நால்வர் வரமாட்டார்கள். நம் கணக்கில் வருவார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது என்ற பீதி மலைக்கு அந்தப்பக்கம் கிளம்பியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து குழந்தைகுட்டிகளோடு இதே காட்டுப்பாதைகளில் இறங்கி வந்தவர்களும் இதே கூலிகள்தான். அணை அப்படியே நிற்கிறது. வதந்தி கிளம்பும் இடம் வேறாக இருக்கலாம், அது வந்து விழும் முதுகு மட்டும் மாறுவதில்லை.

சென்னையில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். ஏப்ரல் 19ஆம் தேதி கொரோனாவுக்குப் பலியான நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. கடைசியில் அவருடைய நண்பரான ஒரு மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து மண் தள்ள வேண்டியதாயிற்று. புதைத்தால் மண்ணிலும் காற்றிலும் கிருமி பரவும் என்று யாரோ சொன்னார்களாம். இறந்தவர் இருமுவதில்லை, தும்முவதில்லை. முறைப்படி சுற்றிக்கட்டி ஆழமாகப் புதைத்த உடலிலிருந்து நோய் பரவுவதில்லை என்று சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது அது.

வரவேற்கிறோம். கூடவே ஒன்றை நினைவூட்டுகிறோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழிவிடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அவர் எந்தத் தொற்றுநோயிலும் இறக்கவில்லை. பிணத்துக்கு வழி மறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று 2020இல் தமிழகம் முழுக்கப் பேசினார்கள். அந்தக் கொடுமையின் வலி நமக்குப் பரம்பரையாகத் தெரியும். மருத்துவரின் குடும்பத்துக்கு நடந்ததைக் கேட்டு நாம் கொதித்தது அதனால்தான்.

முஸ்லிம்கள் விஷயத்திலும் நாம் தெளிவாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் முதலில் தொற்று உறுதியானவர்களில் பலர் டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள். உடனே ஒரு மதமே கிருமியைச் சுமந்து திரிகிறது என்று காணொளிகள் கிளம்பின. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதலமைச்சரும் சுகாதாரத் துறைச் செயலாளரும் கேட்டுக்கொண்ட பிறகும் ஓயவில்லை. அந்தக் காணொளியை நம் இளைஞர்கள் சிலரும் தட்டிவிட்டார்கள் என்பது வருத்தம். தொட்டால் தீட்டு என்று ஒரு கூட்டத்தையே சொல்வது எப்படி இருக்கும் என்று நமக்கா பாடம் எடுக்க வேண்டும்?

2020 ஏப்ரல் 14ஆம் தேதி அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளை வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். சிலைக்கு மாலை போடக் கூட்டமாகப் போகவில்லை, அதுதான் சரி. அன்று மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்பியது மராட்டியத்தின் இன்னொரு பெயர்: சாவித்ரிபாய் புலே. 1897இல் புனேயில் பிளேக் நோய் கொத்துக்கொத்தாக ஆட்களைத் தூக்கியபோது, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டிருந்த மகர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனை முதுகில் சுமந்து மருத்துவமனை சேர்த்தார். நோய் அவரைத் தொற்றியது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். 2020இல் ஊரடங்குக்கு அரசுகள் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டு, அதே பிளேக் காலத்தில் பிறந்ததுதான்.

கொரோனா காலத்தில் அந்த முதுகு யாருடையது? தெருவில் மருந்து தெளிப்பவர், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக் குப்பையை எடுப்பவர், குழி வெட்டுபவர். பெரும்பாலும் நம் வீட்டு ஆட்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியிருக்கிறது. சில ஊர்களில் மாலை போட்டு, காலில் பூத்தூவியிருக்கிறார்கள். பெயருக்கும் பூவுக்கும் நன்றி. கையுறை கிழிந்தால் அன்றே மாற்றுக் கையுறை, தரமான முகக்கவசம், வேலை முடிந்ததும் குளிக்கச் சோப்பும் தண்ணீரும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றாம் தேதி சம்பளம். இவை வந்த பிறகு மாலை வரட்டும். ‘அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்’ என்று சொன்ன ஒலிபெருக்கி, ஒரு தெருவுக்கே ஒரு குழாய் இருக்கும் காலனியில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றும் விசாரித்திருக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் அப்போது நாம் கேட்டது அதிகமில்லை. முதலில் அந்த ஒலிபெருக்கியில் சொல்லை மாற்றுங்கள். ‘ஆளுக்கு ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள்’ என்றால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். அடுத்து, ஜூன் மாதம் மழை பிடித்தால் ஏலத்தோட்டங்களில் வேலை கூடும், இங்கே பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் போடுவார்கள். ஒரு மாதக் கூலி போன வீடுகளில் யாரும் அதற்கு மேல் பொறுத்திருக்கப் போவதில்லை. ஜீப் என்றைக்கு ஓடும், ஒரு ஜீப்பில் எத்தனை பேர், எல்லையில் சோதனை எங்கே, தொற்று இருந்தால் எங்கே வைப்பார்கள், அந்த நாட்களில் வீட்டுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு? இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு காலனி முகப்பிலும் இப்போதே ஒட்டப்பட வேண்டும். இடுக்கி நிர்வாகத்தோடு பேசித்தான் எழுத முடியும் என்றால், பேசுங்கள்.

பள்ளி பூட்டிக் கிடந்தது, பத்தாம் வகுப்புத் தேர்வும் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் செல்போனும் செய்தி வாசிக்கத் தெரிந்த ஆளும் நீங்கள்தான், மாணவர்களே. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகை தொடங்கியபோது விலையையே பெயரில் வைத்தார், நம்மவர்கள் கையில் செய்தி சேரட்டும் என்று. இன்று செய்தி காசில்லாமல் வருகிறது, பொய்யும் சேர்ந்தே வருகிறது. சுகாதாரத் துறை வெளியிடும் அறிக்கையைத் திண்ணையில் நாலு பேர் தள்ளித்தள்ளி உட்கார, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் என்றால் 104க்குப் போன் போட்டுக் கேளுங்கள். யார் வீட்டு ஸ்டிக்கர் படமாவது உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். அந்த வீட்டில் பால் இருக்கிறதா என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.