சட்டை மாற்றிய கிருமி

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் கூட்டமும் அபாரமானது. இவர்கள் அருந்தும் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், வாந்திபேதிக்குத்தான் தடுப்பு மருந்து வந்துவிட்டதே என்று சிலர் நம்மை மடக்குகின்றனர். அன்னாருக்கு 1992-ம் வருஷத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

அவ்வருஷம் அக்டோபரில் சென்னையில் வாந்திபேதி கண்டது. மதுரையிலும், திருவண்ணாமலைக்கு அண்டையிலுள்ள வேலூரிலும் தோன்றி, கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் பரவிற்று. நோய் சாக்ஷாத் காலராவே. ஆனால் ஓ1 என்னும் பழைய காலராக் கிருமியை இனங்காட்டும் சீரத்துக்கு இக்கிருமி இணங்கவில்லை. முன்பே காலராவுக்குப் பழகிய தேசத்தில் பெரியவர்களே அதிகமாக வீழ்ந்தனர். நிபுணர்கள் இதற்கு ஓ139 என்று எண்ணிட்டு, வங்காளக் குடாக்கடலோரத்தில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்றும் பெயர் சூட்டினர். இந்தப் புகழ் சென்னையைச் சேராததில் நமக்கு வருத்தமில்லை.

நடந்தது என்ன? காலராக் கிருமியின் மேல் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்ற போர்வை உண்டு. அதன் சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே நீட்டி நிற்கும். நமது உடலின் எதிர்ப்பு சக்தி பெரும்பாலும் இச்சங்கிலியைக் கொண்டே பகைவனை அறிகிறது. சங்கிலியைக் கட்டும் ஜீன்கள் கிருமியின் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் திரண்டிருக்கின்றன. எல் டார் வகைக் கிருமியொன்று அவ்விடத்தில் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள பகுதியை இழந்து, அன்னியக் கிருமியிடமிருந்து சுமார் 35,000 எழுத்து நீளமுள்ள பகுதியை ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே 1959-ல் நிரூபித்துக் காட்டிய காலரா விஷத்தின் ஜீன்களோ அப்படியே இருந்தன. விஷம் பழையது, சட்டை மட்டும் புதிது!

தடுப்பு மருந்தை நாம் இகழவில்லை. 2009-ல் ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த வாய்வழி மருந்து இவ்விரு வகைகளையும் உத்தேசித்தே செய்யப்பட்டது. ஆயின் ஓ139 பிற்பாடு அடங்கி, ஓ1 மறுபடி தலையெடுத்தது. அடுத்த சட்டை எதுவென்று எந்த மருந்துச்சாலை முன்கூட்டி அறியும்? குளோரினும் கொதிநீரும் கிருமியின் சட்டையைப் பார்ப்பதில்லை. ஆகையால் முதற்செலவு தண்ணீருக்கும் கழிப்பிடங்களுக்குமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இன்னொன்றும் கேட்கிறோம். திருவிழாக் காலத்தில் பேதியுடன் வருவோரின் மலத்தை அவ்வூர் அரசினர் மருத்துவக் கல்லூரியிலேயே வளர்த்துச் சோதிக்க வேண்டும். பழைய சீரத்துக்கு இணங்காததை ‘காலரா அன்று’ என ஒதுக்கியிருந்தால் 1992-ல் உண்மை வெளிப்பட்டிராது. தீபத்துக்கு முந்திய வாரமே குழாய்களிலும், அன்னதானப் பந்தல்களின் தொட்டிகளிலும் குளோரின் அளவு பார்க்கப்படட்டும். முடிவை ராஜகோபுரத்தருகே எல்லோரும் காண எழுதி ஒட்டட்டும்.