ஊசிக்கு முன்னும் பின்னும்

நோர்வேயின் முதல் கொரோனாத் தடுப்பூசி 2020 டிசம்பர் 27 அன்று, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் முதியோர் இல்லத்தில் போடப்பட்டது. நாம் வாழும் ஹவுகன்ஸ்டுவாவும் அதே குரோருட் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அடுத்த வசந்தத்தில், தொற்று மிகுந்திருந்த ஸ்தொவ்னர் போன்ற நகரப் பகுதிகளுக்கு அரசு கூடுதல் ஊசிகளை ஒதுக்கியது. அப்போது நம் தமிழர் பலர் கேட்ட கேள்வி இன்றும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும், காய்ச்சல் ஊசி போடும் நாட்களில், காதில் விழுகிறது. ஊசி குத்த ஒரு நிமிடம் போதுமே, குறித்த நேரம், தனியாக வா, ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வா, இருபது நிமிடம் இரு என்று ஏன் இத்தனை கெடுபிடி?

கேள்வி நியாயமானது. விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு மையத்தில் நான்கு மேசைகள் என்று வைத்துக்கொள்வோம். விவரம் கேட்டு, ஊசி போட்டு அனுப்ப ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 48 பேர். போட்டுக்கொண்டவர்கள் இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஆகவே எந்த நேரத்திலும் 16 பேர் அங்கே இருப்பார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் 16 நாற்காலி போட ஓரளவு பெரிய அறை போதும். ஆனால் எல்லோரும் 'எதற்கும் முந்திப் போவோம்' என்று இருபது நிமிடம் முன்னதாக வந்தால் 32 பேர். ஆளுக்கொரு துணையும் வந்தால் 64. ஊசி போடப்பட்டவர் தொகை ஒன்றுகூடக் கூடவில்லை. காற்றைப் பகிர்ந்துகொள்பவர் தொகை மட்டும் நான்கு மடங்காகிவிட்டது.

காற்றுத்தான் இங்கே முக்கியம். மேசையையும் கதவுக் கைபிடியையும் துடைப்பது நல்லதே. ஆனால் கொரோனா பெரும்பாலும் மூச்சோடும் பேச்சோடும் வெளிவரும் நுண்துளிகளால் பரவுகிறது. குளிருக்குப் பயந்து யன்னலைச் சாத்திய அறையில் அவை தங்கிவிடும். சின்னமுத்து இன்னும் மோசம்: நோயுள்ள பிள்ளை போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம்வரை காற்றில் இருக்கக்கூடும். நோர்வேயில் அதற்கான முதல் ஊசி 15 மாதத்தில்தான். பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பில் பருக்கள் போட்டிருந்தால், காத்திருப்பு அறைக்குக் கொண்டுபோகாமல் முதலில் தொலைபேசியில் சொல்லச் சொல்வது, அங்கே மடியில் இருக்கும் கைக்குழந்தைகளுக்காகத்தான்.

இருபது நிமிடக் காத்திருப்பும் வீண் அல்ல. கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும். அதை மாற்றும் அட்ரினலின் ஊசியும் போடத் தெரிந்த தாதியும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரியதாக நான் நினைக்கும் காரணம் ஒன்று உண்டு. தடுப்பூசியின் பலன் அன்றே கிடைப்பதில்லை. அதற்குச் சில வாரம் வேண்டும். வரிசையில் நின்றபோது தொற்றிய நோய் நாலைந்து நாளில் தலைகாட்டும். 'ஊசி போட்ட பிறகுதான் வந்தது' என்று வீட்டில் சொல்வார்கள். சொல்வது பொய்யில்லை, ஆனால் பழி தவறான இடத்தில் விழுகிறது. அந்தப் பேச்சு தொலைபேசியில் பத்து வீடுகளுக்குப் போகும். பத்து முதியவர்கள் போகாமல் இருந்துவிடுவார்கள். வரிசையைக் காப்பது ஊசிமேல் உள்ள நம்பிக்கையைக் காப்பதும்தான்.

நெரிசலைக் குறைக்கும் வழிக்கு, 2021 மே மாதச் சென்னையை நினைத்துப் பாருங்கள். கொரோனா நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் சனம் திரண்டது. விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். கூட்டமும் அங்கே மாறியது. கடைசியில் மருந்தை நேரடியாக மருத்துவமனைகளுக்கே அனுப்புவது என்று அரசு முடிவெடுத்தது. இடத்தைப் பெரிதாக்கித் தீராத நெரிசல், ஆட்கள் வரவேண்டிய தேவையே இல்லாமல் போனபோது தீர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போட முடிந்ததற்கு, முகாம்களை ஏறத்தாழ 40,000 இடங்களில் பரப்பி வைத்ததே வழி செய்தது.

இங்கே ஒஸ்லோவில் நெரிசலுக்கான பிழை நம் பக்கம் மட்டும் இல்லை. எழுபது வயது அம்மாவுக்கு நோர்வேஜிய மொழியில் மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால், மகளோ மகனோ கூட வரத்தான் செய்வார்கள். நோர்வேயில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொது நிறுவனத்தின் கடமை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தக்கூடாது. நேரத்தையும் வழியையும் தமிழில் நாலு வரியில் எழுதி அனுப்பினாலே பாதி நெரிசல் வாசலுக்கு வராது. நகரப் பகுதி நிர்வாகங்கள் இதைச் செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியது இது. கனத்த ஜாக்கெட்டுக்குள் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். தடிமனோ காய்ச்சலோ இருந்தால் தொலைபேசியில் சொல்லி வேறு நாள் கேளுங்கள். தருவார்கள்.