வாத்து வரும் பள்ளம் வருமானம் தருமா?

கேள்வி: "அமெரிக்காவில் சொந்த ஈரநிலத்தைப் பறவை வேட்டைக்குத் திறந்துவிடும் விவசாயிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டேன். அது எப்படி நடக்கிறது? எங்கள் பட்டா நிலத்தில் மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது. வாத்தும் நாரையும் நிறைய வருகின்றன. இங்கேயும் அப்படி வருமானம் பார்க்க முடியுமா?"
- ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நம் நாட்டில் முடியாது. சொந்தப் பட்டாவாகவே இருந்தாலும், காட்டுப் பறவையைச் சுடுவதும் வலை வைத்துப் பிடிப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதன் விவரம் இந்தப் பதிலின் முடிவில் இருக்கிறது. ஆனாலும் அமெரிக்க முறையை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே விவசாயிக்குக் கிடைக்கும் பணம் பறவைக்கான விலை அல்ல. தண்ணீர் நிற்கும் நிலத்தை வடிக்காமல் வைத்திருப்பதற்கும், அதில் பொதுமக்களை நடக்க விடுவதற்கும் தரப்படும் கூலி அது.

உழவுக்கு இடைஞ்சலான பள்ளம்

அமெரிக்காவின் வடக்கே வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மின்னசோட்டா, அயோவா, மொன்டானா ஆகிய மாநிலங்களிலும், எல்லை தாண்டிக் கனடாவிலும் பரந்த சமவெளி ஒன்று இருக்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே பனிப்பாறைகள் மூடியிருந்தன. அவை உருகி விலகியபோது லட்சக்கணக்கான ஆழமற்ற பள்ளங்கள் உண்டாயின. வசந்த காலத்தில் பனி உருகி இந்தப் பள்ளங்களில் தேங்கும். சில கோடையிலேயே வற்றிவிடும், சில ஆண்டு முழுவதும் நீரோடு இருக்கும். வாத்துகள் இந்த நீரில் இரை தேடி, சுற்றியுள்ள புல்லில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. வட அமெரிக்க வாத்துகளில் ஏறக்குறைய பாதி பிறப்பது இங்கேதான்.

இந்த நிலத்தின் பெரும்பகுதி கோதுமை, மக்காச்சோளம், சோயா பயிரிடும் விவசாயிகளுடையது. அவர்களுக்குப் பள்ளம் என்றால் தொல்லை. டிராக்டரும் விதைப்புக் கருவியும் அதைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். சுற்றுப்புற மண் ஈரமாக இருப்பதால் விதைப்பு தள்ளிப்போகும். அறுத்து வயலில் வரிசையாகப் போட்ட கதிரில் இலையுதிர் காலத்தில் வாத்துக் கூட்டம் இறங்கித் தின்றுவிடும். ஒரு வாய்க்கால் வெட்டினாலோ, மண்ணுக்கு அடியில் வடிகால் குழாய் பதித்தாலோ பள்ளம் விளைநிலமாகிவிடும். பல தலைமுறைகளாக நடந்ததும் அதுதான். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அந்த நாட்டில் 1780-களில் சுமார் 22 கோடி ஏக்கர் ஈரநிலம் இருந்தது. 1980-களில் மிஞ்சியது சுமார் 10.4 கோடி ஏக்கர்.

ஆக, செலவும் இழப்பும் விவசாயிக்கு. அந்த நிலத்தில் வளரும் வாத்தைச் சுட்டு மகிழ்பவர் எங்கோ நகரத்தில் இருப்பவர். இந்தக் கணக்கு சரியாகாதவரை யாரும் பள்ளத்தை விட்டுவைக்க மாட்டார்கள்.

வேட்டைக்காரரிடம் வசூல்

1930-களில் அங்கே கடும் வறட்சி வந்தது. பள்ளங்கள் காய்ந்தன, வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தது. ஜே டார்லிங் என்ற செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர் அப்போது காட்டுயிர்களுக்கான அரசுத் துறையின் தலைவராக அமர்த்தப்பட்டார். 1934-இல் ஒரு சட்டம் வந்தது. 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் நீர்ப்பறவை வேட்டையாட வேண்டுமானால், ஆண்டுதோறும் அரசிடம் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அதைச் சுருக்கமாக 'வாத்து முத்திரை' என்பார்கள். முதல் முத்திரையின் படத்தை வரைந்தவரும் டார்லிங்தான். அன்றைய விலை 1 டாலர், இன்று 25 டாலர். அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, சுமார் 60 லட்சம் ஏக்கர் பாதுகாக்கப்பட்டுள்ளது.

1937-இல் இன்னொரு சட்டம் வந்தது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி மாநிலங்களின் காட்டுயிர்த் துறைகளுக்கு நேரே போய்ச் சேர வழி செய்தது அது. வேட்டை உரிமக் கட்டணமும் அதே துறைகளுக்குத்தான். விவசாயிக்குத் தரும் தொகையில் பெரும் பங்கு இந்தப் பெட்டிகளிலிருந்து வருகிறது.

1985-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் வேறு இரண்டு காரியம் செய்தது. ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்பவருக்கு அரசின் விவசாய உதவிகளை நிறுத்தியது. எளிதில் மண் அரிக்கும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லாக விட்டுவைத்தால், 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை கொடுத்தது. ஒரு கையில் கட்டுப்பாடு, மறு கையில் பணம்.

நிலம் திறக்கும் ஒப்பந்தம்

அமெரிக்கச் சட்டப்படி காட்டுப் பறவை யாருடைய சொத்தும் அல்ல, மக்கள் அனைவருக்கும் பொது. ஆனால் அது இறங்கும் நிலம் தனியாருடையது. வசதி படைத்தவர்கள் நல்ல ஈரநிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டால், சாதாரண வேட்டைக்காரருக்கு இடமில்லாமல் போய்விடும். அதைச் சரிசெய்ய மாநில அரசுகள் விவசாயியோடு ஒப்பந்தம் போடத் தொடங்கின.

மொன்டானாவில் இது 1985-இல் தொடங்கியது. அங்கே பெரும்பாலும் மானுக்கும் தரைப்பறவைக்கும். இன்று சுமார் 70 லட்சம் ஏக்கர் அதில் இருக்கிறது. கன்சாஸ் 1995-இல் தொடங்கியது. வடக்கு டகோட்டாவில் சமீப ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் ஏக்கர் தனியார் நிலம் இப்படித் திறந்திருக்கிறது. புல்வெளி, நீர்ப்பள்ளம், அதைச் சுற்றிய நாணல், அறுத்த வயல் எல்லாம் அதில் சேர்த்தி. ஒப்பந்தம் போட்ட நிலத்தின் ஓரத்தில் மஞ்சள் நிற முக்கோணப் பலகை நட்டிருப்பார்கள். எந்தெந்த நிலம் திறந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் வரைபடப் புத்தகமும் வெளியிடுவார்கள்.

பலகை இருந்தால் விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் நடந்துதான் போக வேண்டும், வண்டி உள்ளே வரக் கூடாது. கூடாரம் அடிக்க, நாய்க்குப் பயிற்சி கொடுக்க, பொறி வைக்க எல்லாம் நிலக்காரரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் தொகை கிடைக்கும். புல் விதைக்கவும், ஈரநிலத்தைச் சீர்படுத்தவும் உதவி உண்டு. 2008-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்திலிருந்து மத்திய அரசும் இத்தகைய மாநிலத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு ஒதுக்கியது 5 கோடி டாலர்.

கையெழுத்துப் போடும் முன்

பணம் வருகிறது என்பதற்காக எல்லா விவசாயிகளும் சம்மதிப்பதில்லை. முதல் பயம், வந்தவர் காலை உடைத்துக்கொண்டால் வழக்கு யார்மேல் என்பது. இதற்காக எல்லா மாநிலங்களிலும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பொழுதுபோக்குக்கு நிலத்தை இலவசமாகத் திறந்துவிடும் உடைமையாளர்மேல் சாதாரணமாக இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் விவசாயியே வேட்டைக்காரரிடம் கட்டணம் வாங்கினால் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அரசுத் திட்டத்தில் சேர்வதற்கும் தனியாகக் குத்தகை விடுவதற்கும் இது ஒரு முக்கியமான வேறுபாடு.

இரண்டாவது, தினப்படித் தொல்லை. திறந்த கேட்டை மூடாமல் போனால் மாடு வெளியேறும். காய்ந்த புல்லின்மேல் சூடான வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். காலித் தோட்டாவும் குப்பையும் கிடக்கும். வடக்கு டகோட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'அனுமதி இல்லை' என்று நிலக்காரர் அறிவிக்காவிட்டால், அந்த நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாம் என்பது அங்குள்ள பழைய முறை. விவசாயிகளின் நெடுநாள் மனக்குறை இது. இப்போது பலகை நடாமல் கணினி வழியாகவே அறிவிக்க வழி வந்துவிட்டது.

மூன்றாவது, விளைபொருள் விலை. 2007-ஐ ஒட்டி வடக்கு டகோட்டாவில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் மத்திய அரசின் வாடகைத் திட்டத்தில் புல்லாகக் கிடந்தது. பிறகு மக்காச்சோளம், சோயா விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் புல்லை உழுதுவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தப் பரப்பு பாதியளவுக்குச் சுருங்கியது. வேட்டைக்குத் திறந்திருந்த நிலமும் கூடவே குறைந்தது. வாடகை விளைச்சலோடு போட்டி போட முடியாதபோது பள்ளம் தோற்றுப்போகும். அந்த விவசாயிகளைக் குறை சொல்லவும் முடியாது, கடனைக் கட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நெல் வயலிலும் உண்டு

தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில் கதை வேறு. அங்குள்ள ஸ்டட்கார்ட் என்ற ஊர் தன்னை 'நெல்லுக்கும் வாத்துக்கும் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்கிறது. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் வயலில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள். வலசை வரும் வாத்துகள் உதிர்ந்த நெல்லையும் களை விதைகளையும் தின்கின்றன. வைக்கோல் மக்குகிறது. அந்த வயலை வேட்டைச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விட்டும் வருமானம் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் வைக்கோல் எரிப்பதைக் குறைக்க 1991-இல் சட்டம் வந்த பிறகு, குளிர்காலத்தில் வயலில் நீர் கட்டும் பழக்கம் பரவியது. அங்கே வேட்டையே இல்லாமல், பறவைகள் தங்குவதற்காக மட்டும் சில வாரங்கள் தண்ணீர் நிறுத்தும் விவசாயிக்குப் பணம் தரும் ஏற்பாடும் 2014-இல் தொடங்கியது.

சுடுவதற்கும் எல்லை

திறந்த நிலம் என்றால் இஷ்டம்போல் சுடலாம் என்று பொருள் அல்ல. 1955 முதல் அமெரிக்காவும் கனடாவும் ஆண்டுதோறும் விமானத்தில் பறந்து வாத்துகளைக் கணக்கெடுக்கின்றன. அதை வைத்துத்தான் வேட்டைப் பருவத்தின் நாட்கள் முடிவாகின்றன. வடக்கு டகோட்டாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து என்பதே பொதுவான உச்சவரம்பு. துப்பாக்கியில் ஒரே நேரத்தில் 3 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. நீரடியில் விழும் ஈயக் குண்டுகளைக் கல்மணி என்று விழுங்கி வாத்துகள் செத்ததால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை.

விவசாயி கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. வழக்கமான அறுவடையில் உதிர்ந்த தானியம் இருக்கும் வயலில் சுடலாம். பறவையை வரவழைக்கத் தானியம் கொட்டியிருந்தால், அதை முழுவதும் அகற்றி 10 நாள் ஆகும்வரை அங்கே சுடுவது குற்றம்.

நம் பள்ளத்துக்கு என்ன வழி?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்கிறது. 2022-இல் அது திருத்தப்பட்டு மேலும் கடுமையானது. இந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. வலை, கண்ணி, விஷம் வைத்த தானியம், முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். முதல் பட்டியலில் உள்ள பறவையானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பதும் இதற்கு விலக்கு ஆகாது. 'ஒரு ராத்திரி வலை போட்டுக்கொள்கிறோம், இத்தனை ரூபாய் தருகிறோம்' என்று யாராவது வந்தால், நிலக்காரர் உறுதியாக மறுத்துவிட வேண்டும். சம்மதித்தால் அவரும் வழக்கில் சிக்க நேரிடும். பறவையால் பயிர் சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுப்பதே வழி.

பள்ளத்தை மண் கொட்டி மூடலாமா என்ற எண்ணமும் சிலருக்கு வரும். அதற்கு முன் வேடந்தாங்கலை நினைத்துப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரியில் பறவை சுட்டவர்களைத் தடுக்கச் சொல்லி அவ்வூர் மக்கள் ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். காரணம், எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்த வயல் உரம் போட்டது போல விளைந்தது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதை இன்று மண்ணியலும் சொல்கிறது.

அமெரிக்க விவசாயிக்குப் பள்ளத்தின் கூலியைத் துப்பாக்கிக்காரர் கொடுத்த பணத்திலிருந்து அரசு கொடுக்கிறது. இங்கே அப்படிக் கொடுக்க ஆள் இல்லை. தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். வாசகர் தன் பள்ளத்தில் எத்தனை மாதம் நீர் நிற்கிறது, அருகில் உள்ள கிணற்றின் மட்டம் அப்போது எவ்வளவு ஏறுகிறது, அந்த நீரை இறைத்துப் பாய்ச்சிய வயலில் உரச்செலவு குறைகிறதா என்று ஒரு பருவம் குறித்து வைக்கட்டும். மூடுவதா, விட்டுவைப்பதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.